‘ஒருவர்’ என்று அச்சானவர்

1

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் அயர்லாந்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. பெரிய தெரு ஒன்று, தேவாலயம் ஒன்று, மழை நிறைய. அங்கே என் பொறுப்பில் இருப்பவர்களில் பிரிஜிட் அம்மா ஒருவர். அவருடைய தம்பி போன வருடம் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனார். ஊர் வாரப் பத்திரிகை அந்தச் செய்தியைப் போட்டது. ‘தனியாக வாழ்ந்து வந்தார்’ என்று அதில் ஒரு வரி இருந்தது.

பிரிஜிட் அம்மா அன்று காலை கஞ்சியைத் தொடவில்லை. “அவன் தனியாக இல்லை. நான் இருந்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இல்லத்துக்கு வருகிறவரைக்கும் அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் வாழ்ந்திருக்கிறார்கள். அக்கா இங்கே வந்த பிறகும் ஞாயிறு தவறாமல் தம்பி வருவார். எங்கள் மேலாளர் பத்திரிகைக்கு ஒரு போன் போட்டார். அவ்வளவுதான் செய்தார். மறுநாள் ஒரு பெண் நனைந்த கோட்டோடு வந்து பிரிஜிட் அம்மாவின் கட்டில் அருகே உட்கார்ந்தாள். அந்தச் செய்தியை எழுதியவள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை இன்னொருவரிடம் விசாரிக்காமல் போட்டது தன் தவறு என்றாள். அடுத்த வாரம் நான்கு வரி வந்தது: அவர் அக்காவுடன் வாழ்ந்தவர், அந்த வரி தந்த வலிக்கு வருந்துகிறோம். அதை எனக்குப் படித்துக் காட்டு என்று பிரிஜிட் அம்மா கேட்டார். படித்தேன். இன்னொரு முறை கேட்டார். படித்தேன்.

பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். மனம் நெகிழ்ந்து அழுதேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இங்கே பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் சம்பந்தப்பட்ட செய்தி என்றால் இவர்கள் எழுதும் தொனியும் மாறும், அதையும் படித்திருக்கிறேன். ஆனால் ‘தனியாக’ என்ற ஒரு சொல்லுக்காக ஒருத்தி மழையில் வந்து உட்கார்ந்தாளே, அது என்னைத் தூங்க விடவில்லை. என் அக்காவைப் பற்றி வந்த செய்தியில் ஒரு வரிகூட உண்மை இல்லை. யாரும் வரவில்லை.

2

அக்கா பெயர் ஸ்டெல்லா. செய்யூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா போன பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். என்னை நர்சிங் படிக்க வைத்தவளும் அவள்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், “உன்னை அனுப்பிட்டு அப்புறம் பாக்கலாம்டி” என்பாள். நான் விமானம் ஏறியபோது அவளுக்கு முன்நெற்றியில் நரை வந்திருந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை விடுதியில் அறைகளைப் பராமரிக்கும் பெண்களுக்கு அவள் சூப்பர்வைசர். வேலை முடிந்ததும் ஒரு வேன் எல்லோரையும் ஊர் ஊராக இறக்கிவிடும். ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் வேன் கிளம்ப நேரமாகும் என்று தெரிந்து, கால் கழுவப் போகிறேன் என்று அக்கா தண்ணீர்ப் பக்கம் இறங்கினாள். அந்தக் கரை சரிவானது, காலடியில் மணல் திடீரென்று போய்விடும். அலை இழுத்தது. வேன் டிரைவர் ரோட்டோரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்து தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அக்காவின் சீருடைத் துப்பட்டா தண்ணீரில் மிதந்திருக்கிறது. அவர் அதன் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு மறுமுனையை அவள் பக்கம் வீசினார். அவள் அதைக் கையில் சுற்றிக்கொண்டாள். கரையிலிருந்த மீனவர்கள் இரண்டு பேர் இதைப் பார்த்தார்கள், படகைத் தள்ளினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் கடல் இருவரையும் கொண்டுபோய்விட்டது. விடிந்த பிறகு கிடைத்தார்கள், அந்தத் துப்பட்டாவோடு.

இதெல்லாம் போலீஸின் இறுதி அறிக்கையில் இருக்கிறது. விபத்து என்று எழுதி, மீனவர்களின் சாட்சியத்தோடு, அவர்கள் முடித்துவிட்டார்கள். ஆனால் அறிக்கை வர மாதங்கள் ஆயின. செய்தி மறுநாளே வந்துவிட்டது.

மாமல்லபுரம் அருகே கடலில் குதித்துக் கள்ளக்காதல் ஜோடி தற்கொலை. துப்பட்டாவால் கைகளைக் கட்டிக்கொண்ட பரிதாபம். டிரைவர் கல்யாணமானவர், அக்கா ஆகாதவள். தலைப்புக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் ஊருக்கு வருகிற ஐந்து பேப்பரிலும் அதே செய்தி, அதே வரிசை, கிட்டத்தட்ட அதே வாக்கியங்கள். ஒரு பேப்பர் தப்பாகப் போடலாம், ஐந்துமா தப்பாகப் போடும் என்று ஊரில் பேசினார்கள். அது நியாயமான கேள்விதானே.

என் குடியிருப்பு அட்டை அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. கையில் அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப நுழைவதற்கு உத்தரவாதம் இல்லை என்று குடியேற்ற அலுவலகத்தில் சொன்னார்கள். போகவேண்டும் என்றால் அவசர விண்ணப்பம், அதற்கு இறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. பிரேதப் பரிசோதனையே முடியாதபோது சான்றிதழுக்கு எங்கே போவேன்? ஊரிலிருந்து என் தம்பி போனில் வீடியோவாகக் காட்ட, இங்கே சமையலறையில் நின்று அக்காவின் அடக்கத்தைப் பார்த்தேன். ஒரு விஷயம் உறைத்தது. சத்தமே இல்லை. எங்கள் கோவிலில் சாவு என்றால் மணி அடிப்பார்கள், ஊர் முழுக்கக் கேட்கும். அன்று அடிக்கவில்லை. தற்கொலைக்கு அடிக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். ஃபாதர் அவசரமாக ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அதற்குப் பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான். “பேப்பர்ல போட்டுதான அவள அசிங்கப்படுத்துனாங்க. பேப்பர்லயே அது பொய்யின்னு போடச் சொல்லு. நான் கண்ண மூடறதுக்குள்ள பாக்கணும்.”

3

வெளிநாட்டில் இருப்பவளால் என்ன முடியும்? எழுதத்தான் முடியும். போலீஸ் அறிக்கையின் நகலைத் தம்பி அலைந்து வாங்கி அனுப்பினான். அதை இணைத்து ஐந்து பத்திரிகைகளுக்கும் எழுதினேன். மூன்று பதிலே போடவில்லை. ஒன்றிலிருந்து, உங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. அந்த உரிய பிரிவு எங்கே இருக்கிறதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐந்தாவதில் ஒருவர் போனை எடுத்தார். “மேடம், அன்னைக்கி எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தானே வந்திருக்கு? நாங்க மட்டும் மறுப்புப் போட்டா நல்லா இருக்காதே” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு நானும் ஓய்ந்துபோனேன். இரவு ஷிப்டு, பகல் தூக்கம், வாடகை, பள்ளிக்கூடம்.

என் மகள் எஸ்தர் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், அரைகுறையாக. படிக்க வராது. அவளுடைய நடுப்பெயர் ஸ்டெல்லா. போன வருடம் பள்ளியில் அவரவர் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மாவின் முழுப் பெயரையும் எங்கள் ஊரையும் போட்டுப் போனில் தேடியிருக்கிறாள். பேப்பர்கள் குப்பைக்குப் போயிருக்கும். இணையத்தில் அந்தச் செய்தி அப்படியே இருந்தது. தமிழ் தெரியாத பிள்ளைக்குப் போனே அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்தது.

நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஷூவை மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்று கேட்டாள், “அம்மா, பெரியம்மா என்ன திருடினாங்க?”

எனக்குப் புரியவில்லை. போனைக் காட்டினாள். கள்ளக்காதலைத் திருட்டுக் காதல் என்று அது மாற்றியிருந்தது. நான் அவளிடம் கோபப்பட்டேன், ஏன் இதையெல்லாம் தேடுகிறாய் என்று கத்தினேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு அநியாயமான கோபம் என்று தோன்றியது. பிரிஜிட் அம்மாவுக்கு நான் அந்த நான்கு வரியைப் படித்துக் காட்டியது அதே மாதத்தில்தான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

4

செய்தியை எழுதியவர் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தம்பி அரை நாளில் கண்டுபிடித்துவிட்டான். செங்கல்பட்டில் எல்லோருக்கும் அவரைத் தெரிகிறது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறைதான் அவருக்கு ஆபீஸ். ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த தாடி. சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அறிக்கையை மேஜைமேல் போட்டேன். அவர் அதைக் கையில் எடுக்காமலே, “தெரியும்மா” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“கொஞ்ச நாள் கழிச்சி மீனவர் குப்பத்துக்கு வேற ஒரு மேட்டரா போயிருந்தேன். அங்க சொன்னாங்கோ.”

“அப்ப ஏன் எழுதல?”

“அது முடிஞ்சிபோன செய்தி மா. விபத்துன்னு திருப்பி அனுப்புனா பேப்பர் ஆபீஸ் டெஸ்க்குல இன்னா கேப்பான் தெரியுமா? இதுல புதுசா இன்னா கீதுன்னு கேப்பான்.”

ஐந்து பேப்பரிலும் எப்படி ஒரே மாதிரி வந்தது என்பதை அவர் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன். அங்கே நிருபர்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, பேருக்குத்தான் வேலை. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒவ்வொருவரும் போக முடியாது. அதனால் முறை வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் விசாரித்து ஒரு குறிப்பு எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவார், மற்றவர்கள் தலைப்பை மாற்றி அவரவர் பேப்பருக்கு அனுப்புவார்கள். அன்று இவருடைய முறை. இவரும் கடற்கரைக்குப் போகவில்லை. ஸ்டேஷனில் ஒருவர் போனில் இருந்த போட்டோவைக் காட்டியிருக்கிறார். துப்பட்டாவைப் பார்த்திருக்கிறார்.

“ஏகப்பட்ட கேஸ் பாத்துட்டேன் மா. கைய சேத்துக் கட்டிகினு குதிக்கறது. பாத்த ஒடனே அதுன்னு முடிவு பண்ணிட்டேன். முடிச்சி ஒரு கையிலதான் கீது, இன்னொரு கையில சுத்திகினு கீதுன்னு கவனிக்கல. கவனிக்கணும்னே தோணல.” பிறகு, “ஆனா ‘கூறப்படுகிறது’ன்னுதான் மா போட்டேன். அடிச்சி சொல்லல” என்றார்.

“யார் கூறினது?”

அவர் என்னைப் பார்த்தார். “நான்தான்” என்றார்.

அதன் பிறகு எனக்குக் கத்த வரவில்லை. இத்தனை வருடமாக மனதில் யாரையோ அரக்கனாக வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர் களைத்துப்போன ஒரு மனிதர், இரண்டு டீ சொல்லிவிட்டு எனக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டவர். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. ஐந்து பேப்பர் சொல்கிறது என்று ஊர் நம்பியதே, அந்த ஐந்தும் ஒரே ஆள், அந்த ஆளும் ஒரு போட்டோவை மட்டும் பார்த்தவர். தப்பு எவருக்கும் வரும், நானும் மருந்து கொடுக்கிறவள். எங்களுக்கு ஒரு ஊசி போடுவதற்கு முன் இன்னொருத்தி தனியாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நான் பார்த்ததையே அவளும் என் வாயிலிருந்து கேட்டுச் சரி சொன்னால் அதற்குப் பெயர் சரிபார்ப்பு இல்லை.

எழுதுகிறேன் என்று அவரே சொன்னார். தன் பேப்பரில் மட்டும்தான் முடியும், மற்ற நாலுக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். ஒரு நிபந்தனை போட்டார். “அந்த டிரைவர் வூட்லயும் கேக்கணும் மா. அன்னிக்கி ரெண்டு வூட்லயும் கேக்காமதான் போட்டேன். இன்னிக்கும் கேக்காம போட மாட்டேன்.”

5

டிரைவரின் மனைவி கூவத்தூர்ப் பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டதாக ஊரில் சொன்னார்கள். விடுதியில் வேலை செய்த ஒரு பெண் மூலம் அவர் இருப்பது கருங்குழி என்று தெரிந்தது. நிருபர் தன் வண்டியில் வந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டார். “நான் வாசல்ல வந்து நின்னா அந்தம்மாக்கு எப்டி இருக்கும். நீ போய்க் கேட்டுட்டு வா” என்றார்.

வரிசையாக ஐந்தாறு வாடகை வீடுகள். டிரைவரின் மனைவியைத் தேவகி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டலில் காலை வேலையை முடித்துவிட்டு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே, “நீ ஸ்டெல்லா தங்கச்சிதான? மூஞ்சி அப்டியே கீது” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அறிக்கையை நீட்டினேன்.

“இது எனக்கு வேணாம். குப்பத்துலர்ந்து ஒருத்தரு அப்பவே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனாரு. எம் புருஷன் மேல எனக்கு இன்னா சந்தேகம்? ஒரு நாளும் இல்ல.”

“அப்ப நல்லதுதானக்கா. பேப்பர்ல போடறேன்றாங்க. அன்னிக்கி வந்தது தப்புன்னு.”

“எது தப்புன்னு?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே பேசினார், குரலை உயர்த்தாமல். “இந்த ஊர்ல யாருக்கும் அது தெரியாதுமா. அதுக்காவதான் இங்க வந்தேன். தப்புன்னு போடணும்னா, தப்பா இன்னா எழுதுனாங்கன்னு மொதல்ல போடணுமில்ல? படிக்கிறவன் தப்புன்றத வுட்டுடுவான், அத மட்டும் புடிச்சிக்குவான். எம் புள்ளைக்கு அவங்கப்பா நெஞ்சு வலில போனாருன்னு சொல்லி வச்சிகீறேன். நீ போடற பேப்பர்லதான் அவன் அத மொத மொத படிப்பான்.”

இதை நான் ஒரு முறைகூட யோசித்திருக்கவில்லை. மறுப்பு என்றால் கறையைத் துடைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். கறை எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஊரில் துடைக்கப் போனால் முதலில் அதைக் காட்டத்தான் வேண்டும்.

“எங்கம்மா அதுக்காவவே உசுர வச்சிகினு கீறாங்கக்கா” என்றேன். என்னையறியாமல் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது.

தேவகி மடித்த துணியை அடுக்கி வைத்தார். “உங்கம்மா கேக்கறது நியாயம். பெத்தவ. உங்கக்கா பேர போட்டு எழுதச் சொல்லு, நான் வேணான்னு சொல்லல. இவரு பேரு வேணாம். ஊரும் வேணாம். வேன் டிரைவருன்னும் வேணாம்.”

“காப்பாத்தப் போனவருக்கா அவரு. பேரே இல்லாம எப்டிப் போடறது?”

“அவரு பேரு வாங்கவா போனாரு?”

அந்த நேரத்தில் பையன் வந்தான். பாலிடெக்னிக் சட்டை, முதுகில் பை. யார் என்று கேட்டான். ரேஷன் கார்டு விஷயமாக வந்திருக்கிறார்கள் என்றார் தேவகி. அவன் உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து எனக்குப் போட்டு, “உக்காருங்கக்கா, நின்னுகினே கீறீங்களே” என்றான். உங்கப்பா எங்கக்காவுக்காகச் செத்தவர் என்று அவனிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்தேன்.

டீக்கடையில் நிருபர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். “அன்னிக்கி பேரு போட்டது தப்பு. இன்னிக்கி போடாம வுடறதும் தப்பாதான் தெரியுது. ஆனா அந்தம்மா சொல்றபடிதான் மா போடணும்” என்றார்.

6

நான் அயர்லாந்துக்குத் திரும்பி வந்த பிறகு செய்தி வந்தது. உள்பக்கம், மாவட்டச் செய்திகளுக்கு நடுவில், அக்காவின் போட்டோவோடு. ஸ்டெல்லா அலையில் சிக்கி உயிரிழந்தது போலீஸ் விசாரணையில் உறுதியானது, முன்பு இது குறித்து வெளியான செய்தி தவறானது, அதற்காக வருந்துகிறோம். அடுத்த வாக்கியம்: ‘அவரைக் காப்பாற்றச் சென்ற ஒருவரும் உயிரிழந்தார்.’ இணையத்தில் அந்தப் பேப்பர் பழைய செய்தியை எடுத்துவிட்டது. மற்ற நான்கிலும் அது இன்னும் இருக்கிறது.

அம்மாவுக்குத் தம்பி படித்துக் காட்டினான். அம்மா அதை வெட்டி லேமினேட் பண்ணச் சொல்லி, கையில் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போயிருக்கிறாள். இப்போது இருப்பவர் வேறு ஃபாதர். அவர் கல்லறைக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டு, மணியடிக்கவும் சொல்லியிருக்கிறார். போனில் அம்மா, “அடிச்சாங்கடி” என்றாள். அம்மாவுக்கு வேண்டியது கிடைத்தது, எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. என் அக்காவுக்காக உயிரை விட்டவர் பொய்ச் செய்தியில் முழுப் பெயரோடு, வயதோடு, ஊரோடு இருக்கிறார். உண்மைச் செய்தியில் ‘ஒருவர்’. தேவகி சொன்னது சரி. நிருபர் செய்ததும் சரி. நானும் இங்கே அவர் பெயரை எழுதப் போவதில்லை; ஊரையும் வேலையையும்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எல்லோரும் சரியாகச் செய்தும் இப்படித்தான் முடிந்தது. எழுதுகிற இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், முதல் நாள் அவசரமாக எழுதிவிட்டால் பிறகு சரியாக எழுதுவதற்கே இடம் இல்லாமல் போய்விடும் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

தம்பி அனுப்பிய செய்தியை எஸ்தர்தான் முதலில் போனில் ஆங்கிலமாக மாற்றிப் படித்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“பெரியம்மா எதுவும் திருடலன்னு போட்டிருக்கு” என்றாள்.

“ஆமா.”

மறுபடியும் படித்தாள். “இந்த ‘ஒருவர்’ யாரு? அவருக்குப் பேர் இல்லையா?”

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். துப்பட்டாவைச் சொன்னேன், முடிச்சைச் சொன்னேன், நாற்காலி போட்ட அந்தப் பையனையும் சொன்னேன். இது வெளியே சொல்லக் கூடாதது என்று சொன்னேன். பிறகு அவர் பெயரைச் சொன்னேன்.

அவள் சொல்லிப் பார்த்தாள். அயர்லாந்து நாக்கு, தப்பாக வந்தது. இரண்டாவது தடவையும் தப்பு. பரவாயில்லை என்று நான் விடவில்லை. அவள் அதைச் சரியாகச் சொல்லும்வரை சொல்ல வைத்தேன்.